கோட்டைக்குள் ஒரு வீடு

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் நான் கட்டிய ஆகப் பெரிய கட்டடம் ஒரு நகரம். சும்மா சொல்லவில்லை. இரட்டை மதில், பெரிய கோவில், கடைத்தெரு, ஆற்றின் மேல் பாலம் என்று ஒன்றும் குறையாத ஒரு தலைநகரத்தை, பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் கட்டி எழுப்பினேன். சீமெந்துக்குப் பதில் ஐசிங் சீனி. எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் படிப்புக்கும் பட்டத்துக்கும் இந்த நாட்டில் ஒருவரும் கதிரை இழுத்துப் போடாத காலம். என் கேக்குக்கு மட்டும் போட்டார்கள். அதை இன்றைக்கும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் நாளில் கலியாணத்துக்கு முன் பெண்பிள்ளைகள் ஐசிங் வகுப்புக்குப் போவார்கள். மற்றவர்கள் ரோசாப்பூப் போடப் பழகிக்கொண்டு வந்தார்கள். எனக்குப் பூவில் ஆசை இல்லை. கோபுரம், தேர், கப்பல் என்று நிமிர்ந்து நிற்கும் எதையாவது செய்ய வேண்டும். எங்கள் ஊர்க் கலியாணக் கேக்கில் இரண்டு பகுதி உண்டு. மேடையில் நிற்பதை 'ஸ்ட்ரக்சர்' என்போம். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையை வெட்டி ஒட்டி மேலே ஐசிங் பூசியது, கண்ணுக்கு மட்டும். வாய்க்கு வேறு: ரவையும் கஜுவும் சீனிப்பாகில் ஊறிய பூசணித் தோசியும் பிரண்டியும் போட்ட ரிச் கேக். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, தாளில் சுற்றி, சின்னப் பெட்டிகளில் போட்டு, வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து அனுப்புவோம். இந்தப் பெட்டிகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

என் கணவர் ஊரில் கணக்காளராக இருந்தவர். இங்கே மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினார். தினமும் அவ்வளவு தூரம் ஓடி ஓடி எங்கள் பழைய கார் மூச்சிரைக்கும். அதைத் தட்டிக்கொட்டி உயிரோடு வைத்திருந்தவர் எங்கள் கடைத்தெருவின் பின்பக்கம் கராஜ் வைத்திருந்த ஓர் ஆர்மீனியர். ஈரானிலிருந்து வந்தவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள். என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார். ஆஸ்பத்திரி நேர்சைக் கூப்பிடுவது போல இருக்கிறதே என்று முதலில் முகத்தைச் சுளித்தேன். அவர்கள் ஊரில் அக்கா தங்கச்சிக்கு உள்ள அதே மரியாதை அது என்று பிறகு தெரிந்தது. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்தன. ஆகவே அவர் சொன்னதை என் தமிழில்தான் எழுத முடியும்.

எங்கள் மகளின் பிறந்தநாளுக்கு அவரையும் கூப்பிட்டிருந்தோம். நான் அன்றைக்குக் கோபுரம் செய்திருந்தேன். சனம் சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கேக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"சிஸ்டர், இடிஞ்சு போன கட்டடத்தை இடியாத மாதிரிச் செய்ய ஏலுமோ?" என்று கேட்டார்.

"படம் இருந்தால் எதையும் செய்வன்" என்றேன். அடக்கம் எனக்கு அப்போதும் இல்லை.

அடுத்த வருஷம் அவருடைய மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை, மாசி என்ற புறநகரில் ஸ்ட்ரோபெரித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனிதர்கள்தான். ஆனால் முதல் தேநீர் விருந்திலேயே மாப்பிள்ளையின் உறவினர்கள் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் ஈரானியரா? அப்படியானால் ஆர்மீனியா என்பது ரஷ்யாவா? அப்படி ஒரு நாடு உண்டா? கராஜ்காரர் அடுத்த நாளே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"எல்லாருக்கும் விளங்கப்படுத்தினன், சிஸ்டர். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த நான் சின்னனாப் போனன். அவையின்ர பக்கம் நூறு பேர் வருவினம். என்ர பக்கம் மூண்டு குடும்பம். ஊர் பேர் இல்லாத வீட்டிலயிருந்து பொம்பிளை எடுத்தம் எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது."

பெண்ணைப் பெற்றவனின் வயிற்றெரிச்சல் எனக்கு விளங்காதா? எங்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தியாவா, இல்லையா, அப்படியானால் ஏன் இந்தியர் போல இருக்கிறீர்கள்? எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. அவர் பொக்கெற்றிலிருந்து ஒரு பழைய தபால் அட்டையை எடுத்து நீட்டினார். வெட்டவெளியில் இடிந்த மதில், அதன் வாசலுக்கு மேல் கல்லில் ஒரு சிங்கம், மதிலுக்குப் பின்னால் கூரை விழுந்த ஒரு தேவாலயம். ஆனி என்று பெயர் சொன்னார். எங்கள் ஆனி மாதம் போலவே உச்சரிக்க வேண்டும்.

"இதை முழுசாச் செய்து தாங்கோ. சனம் இருந்த காலத்தில இருந்த மாதிரி."

அதற்குப் பிறகு நான் கராஜுக்குப் போவது காருக்காக மட்டும் இல்லை. ஏதாவது ஒரு காரின் பொனட்டில் தூசி படிந்திருந்தால் அதுதான் எங்கள் கரும்பலகை. அவர் விரலால் ஒரு முக்கோணம் கீறுவார். இரண்டு பக்கமும் ஆறு அறுத்த கிடுகிடு பள்ளம். மூன்றாவது பக்கம் திறந்த வெளி. முக்கோணத்தின் கூர்முனையில், பாறை மேல், முதலில் ஒரு சின்னக் கோட்டை மட்டும் இருந்ததாம். ஒரு பிரபுக் குடும்பத்தின் காவல் இடம். அப்படியே பல நூறு வருஷம் தனியாக இருந்தது. பிறகு, இன்றைக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன், அவர்களுடைய அரசர் ஒருவர் தலைநகரை அங்கே கொண்டுவந்தார். திறந்த பக்கத்தை மறித்து ஒரு மதில் எழுப்பினார். சனம் வந்து குவியக் குவிய அந்த மதில் போதாமல் போயிற்று. அடுத்த அரசர் இன்னும் தள்ளிப் பெரிய மதில் கட்டினார். ஒன்றுக்கு முன் ஒன்றாக இரட்டை மதில்.

சீனத்துப் பட்டு அந்த வழியாகத்தான் மேற்கே போனதாம். கடைத்தெருவில் பல பாஷை கேட்குமாம். ஆயிரத்தொரு தேவாலயம் உள்ள ஊர் என்று வெளியூர்க்காரர் சொல்லுவார்களாம். "எண்ணிப் பாத்தவையோ?" என்று நான் சீண்டினேன். "உங்கட ஆக்கள் கோவில் எண்ணிறேல்லையோ?" என்று அவர் திருப்பித் தந்தார். அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தைக் கட்டிய சிற்பி சாமானியப்பட்டவர் இல்லை. கொன்ஸ்தாந்திநோப்பிளின் பெரிய தேவாலயத்தில் கூரை நிலநடுக்கத்தில் உடைந்தபோது, சக்கரவர்த்தியே இந்த மனிதரைக் கூப்பிட்டுத்தான் திருத்துவித்தார். இதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து நிற்பார். கையில் ஸ்பானர் இருக்கும். எனக்கும் ஏனோ நெஞ்சு நிமிரும்.

நான் அரைவாசிக் கதையில் குறுக்கே விழுந்து, "பிறகு ஆர் பிடிச்சது?" என்று கேட்பேன். எங்கள் ஊர்ச் சரித்திரத்தை அப்படித்தான் படித்தோம். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர். அவரும் சளைக்காமல் சொல்லுவார். முதலில் பைசாந்தியர் தந்திரத்தால் எடுத்தார்கள். அரசரை விருந்தாளியாகக் கூப்பிட்டுத் தடுத்து வைத்துக்கொண்டு ஊரைக் கேட்டார்கள். பிறகு செல்ஜுக் துருக்கியர் வந்து முற்றுகையிட்டு வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு வேறு பலர். மொங்கோலியரும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் மிஞ்சியவர்கள் கல்லைப் பொறுக்கித் திரும்பக் கட்டினார்கள். கடைசியில் நிலநடுக்கம் வந்தது, வியாபாரப் பாதை வேறு பக்கம் திரும்பியது, சனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அந்த நாளில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் துருக்கி, அந்தப் பக்கம் சோவியத். நடுவில் இரண்டு பட்டாளத்துக்கும் நோட்டம் பார்க்கும் இடமாக அந்த ஊர் கிடந்தது. இவரும் அதைக் கண்டதில்லை. இவருடைய தகப்பனும் கண்டதில்லை. ஆனால் தன் ஆட்கள் அங்கிருந்துதான் வந்தவர்கள் என்பதில் மட்டும் மனிதருக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

நூலகத்தில் போய்த் தேடினேன். ஒரு தடித்த புத்தகத்தில் 'ஆனி: துருக்கியில் உள்ள இடிபாடு' என்று தொடங்கிச் சில வரிகளில் முடித்திருந்தார்கள். இவ்வளவு பெரிய ஊருக்கு இவ்வளவுதானா என்று படாரென்று மூடி வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

வேலை தொடங்கியது. குளிர்பதனப் பெட்டி விற்கும் கடையின் பின்பக்கம் எறிந்து கிடந்த ரெஜிபோம் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அந்த ஊர்க் கல் செங்கபிலம் என்றார். கொக்கோவும் சிவப்புச் சாயமும் கலந்து கலந்து பார்த்து அந்த நிறத்தைப் பிடித்தேன். சாப்பாட்டு மேசை பறிபோனதால் நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம்.

"வீட்டுக்கு மோட்கேஜ் கடன் எடுக்க வழியைக் காணேல்லை, உமக்கு ராசதானி கேக்குதோ?" என்றார் என் கணவர்.

"இருந்து பாருங்கோ. நாளைக்கு வாடகைக்கு இடம் கேட்டு வருவியள்" என்றேன்.

ஓர் இடத்தில் மட்டும் கை தயங்கியது. பெரிய வாசலின் மேல் சிங்கம் இருக்க வேண்டும். அதன் பெயரே சிங்க வாசல். ஐசிங் பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இலங்கைத் தமிழச்சி ஒருத்திக்குச் சிங்கம் என்றால் எந்தக் கொடி நினைவுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. கணவர் பக்கத்தில் வந்து நின்று, "உம்மட கையாலேயே சிங்கம் கீறப் போறீரோ?" என்றார். தபால் அட்டையை இன்னொரு முறை பார்த்தேன். அந்தச் சிங்கத்தின் கையில் வாள் இல்லை. பாவம், தன்பாட்டில் நடந்து போய்க்கொண்டிருந்தது. சரி, அது வேறு சாதிச் சிங்கம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கீறினேன். வடிவாகத்தான் வந்தது.

ரிச் கேக் துண்டுகளைச் சின்னப் பெட்டிகளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கூம்புக் கூரை ஒட்டி, கதவும் ஜன்னலும் கீறி வீடாக்கினேன். வரப்போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. இந்த யோசனை வந்த அன்றைக்கு எனக்கு நானே தேநீர் ஊற்றிக் குடித்துக் கொண்டாடினேன்.

கலியாணம் சனிக்கிழமை. வியாழன் பின்னேரம் அவர் கராஜைப் பூட்டிவிட்டுப் பார்க்க வந்தார். நான் துணியை விலக்கிவிட்டு, பாராட்டு வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மதிலைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. கோபுரங்களை ஒன்றொன்றாகப் பார்த்தார். சிங்கத்தைப் பார்த்துச் சிரித்தே விட்டார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார். உள்ளே நடுவில் தேவாலயம், ஓர் அரண்மனை, பட்டாளத்துக்கு நீளமான இரண்டு கொட்டில். மற்றது வெறும் வெளி. வீடுகளையெல்லாம் நான் மதிலுக்கு வெளியே, அகழிக்கு இப்பால், வரிசை வரிசையாக அழகாக அடுக்கியிருந்தேன்.

அவர் நிமிர்ந்தார். சிரிப்பு போய்விட்டது.

"சிஸ்டர், சனத்தை ஆர் வெளியில துரத்தினது?"

எனக்கு விளங்கவில்லை. "ஒருத்தரும் துரத்தேல்லை. அவை அங்கதானே இருப்பினம். கோட்டைக்குள்ள சனம் இருக்குமோ?"

"பின்ன ஆர் இருப்பினம்?"

"பட்டாளம்" என்றேன்.

"உங்கட ஊர்க் கோட்டையை ஆர் கட்டினது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போர்த்துக்கீசர். பிறகு ஒல்லாந்தர் பெருப்பிச்சவை. இப்ப ஆமி இருக்குது."

சொல்லி முடித்தபோதுதான் என் காதில் அது விழுந்தது. எங்கள் அரசர்கள் கோட்டை கட்டி ஆண்ட கதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் நானும் படித்தவள்தான். ஆனால் கண் கண்டது ஒன்றே ஒன்று. கடலோரம், முற்றவெளி மைதானத்துக்கு அப்பால், பாசி பிடித்த அந்தக் கல் மதில். அதைக் கட்டியவனும் வெளியிலிருந்து வந்தவன், அதற்குள் இருந்தவனும் எங்கள் ஆள் இல்லை. சிறைச்சாலையும் அதற்குள்தான் கிடந்தது. நாங்கள் எப்போதும் வெளியே. இப்போது அதற்குள்ளிருந்து ஊருக்குள் ஷெல் விழுகிறது என்று ஊரிலிருந்து வருபவர்கள் சொன்னார்கள். கோட்டை என்றால் சனத்தைப் பார்த்துப் பீரங்கி நீட்டுவது. அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று என் கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவர் கதிரையை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் இருந்தார். கோபம் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலவும் சொல்லவில்லை.

"இந்த மதிலை நாங்களே கட்டினனாங்கள், சிஸ்டர். ஊர் முழுக்க உள்ளுக்கு. கொல்லன், தையல்காரன், ரொட்டி சுடுறவன், எல்லாரும். வெளியில ஒரு பிரச்சினை எண்டால் வாசலைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு இருப்பினம்."

எனக்குப் பொறாமை வந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, அந்த மனிதர் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது. எப்போதோ இடிந்து போனதென்றாலும், தன்னைக் காக்கத் தானே கட்டிய மதில் ஒன்று அவருக்கு இருந்தது. சட்டைக்கையை மடித்தேன்.

"எழும்புங்கோ. உங்கட சனத்தை உள்ளுக்கு எடுப்பம்" என்றேன்.

கொட்டில்களைப் பிடுங்கினோம். வீடுகளை ஒவ்வொன்றாக வாசல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும் என்று அவர் அடம்பிடித்தார். மதிலுக்கு மேலால் தூக்கி வைத்தால் என்ன என்று கேட்ட என் கணவரை இருவரும் ஒருசேர முறைத்தோம். இடம் போதவில்லை. மதிலைப் பிரித்துத் தள்ளிப் போட்டேன். "பாத்தீங்களோ, எங்கட அரசரும் இதைத்தான் செய்தவர்" என்று அவர் குதூகலித்தார். தெருக்கள் வந்தன. கொல்லர் தெரு, பாலத்தடி, தேவாலயத்துக்குப் பின் ஒழுங்கை. எந்த வீடு எந்தத் தெரு என்று அவர் பெயர் வைத்துக்கொண்டே போனார். அந்தத் தெருப்பெயர்களில் எது சரித்திரம், எது அன்றைக்கு அவர் அவிழ்த்துவிட்ட கதை என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாசியில் மண்டபம் நிறைய மாப்பிள்ளை வீட்டார். பெண் வீட்டார் வரிசையில் அந்த மூன்று குடும்பமும் நாங்களும். நானும் காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு நாலு பேர் இடத்தை நிரப்பப் பார்த்தேன். கேக் வெட்டும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் ரிபன் கட்டிய கத்தியைக் கொண்டுவந்தார். எல்லோரும் கமெராவைத் தூக்கிக்கொண்டு சூழ்ந்தார்கள். நான் திரும்பிப் பெண்ணின் தகப்பனைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. அந்த ஊர் மேல் கத்தி வைப்பதா? வெட்டினால் உள்ளே ரெஜிபோம் என்ற சின்ன விஷயத்தையும் நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

நேரே முன்னால் போய் நின்றேன். என் ஆங்கிலத்தைப் பற்றி அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

"எங்கட வழக்கத்தில இதை வெட்டிறேல்லை. பொம்பிளையும் மாப்பிள்ளையும் வாசலைத் திறந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு வீடு குடுப்பினம்" என்றேன்.

எங்கட என்றது யாரை என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெண் உடனே விளங்கிக்கொண்டு, சிங்க வாசல் கதவுகளை விரலால் திறந்து, முதல் வீட்டை எடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். தகப்பன் பக்கத்தில் வந்து, "இது கொல்லர் தெரு" என்றார். அடுத்தவருக்கு, "இது பாலத்தடி. காலமை ஆத்துச் சத்தம் கேக்கும்." வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து நின்றது. மாப்பிள்ளையின் தாத்தா, நிலத்தில் உழைத்து உழைத்து விரல் வளைந்த மனிதர், தன் முறை வந்ததும், "எனக்கு மண் நல்ல இடமாப் பாத்துத் தா" என்று கேட்டார். சிரிப்பு வெடித்தது. ஆனால் நம்மவர் சிரிக்காமல் யோசித்து, ஆற்றோரமாக ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் இனிக்கிறது. அந்த நூறு பேரும் வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் விசாரிக்கத் தொடங்கினார்கள். நீ எந்தத் தெரு? நான் தேவாலயத்துக்குப் பின்னால். அப்படியா, நாங்கள் அயலவர்! தேநீர் விருந்தில் அப்படி ஒரு நாடு உண்டா என்று கேட்ட அதே அத்தை, தன் வீடு அரண்மனைக்குப் பக்கம் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெண் வீட்டார் பக்கம் ஆள் இல்லை என்று கவலைப்பட்ட மனிதருக்கு அன்றைக்கு மண்டபம் முழுக்கத் தன் ஊர்ச் சனம். அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நிலையை ஒரு படம் எடுக்காமல் விட்டேனே என்று இருக்கிறது.

சனம் கலைந்த பிறகு அவர் மேசையடியில் தனியாக நின்றார். மதில் ஒரு கீறல் இல்லாமல் நின்றது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே தெருக்கள் வெறுமையாக இருந்தன. வீடுகளை எடுத்துக் கொடுக்கச் சொன்னவள் நான். உண்மையான ஆனி இன்றைக்கு எப்படிக் கிடக்கிறதோ அப்படியே ஆக்கிவிட்டேனே என்று பக்கத்தில் போகக் கூசினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் முகத்தில் வருத்தம் இல்லை.

"ஆனியிலயிருந்து இவ்வளவு சனமும் சிரிச்சுக்கொண்டு வெளிக்கிட்டது இதுதான் முதல் தரம், சிஸ்டர்" என்றார். பிறகு, "வடிவாப் பாருங்கோ, எல்லாம் முடியேல்லை" என்று விரலைக் காட்டினார்.

வாசலுக்கு உள்ளே, மதிலோடு ஒட்டி, இரண்டு வீடுகள் இருந்தன. பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

"ஒண்டு என்ர. மற்றது உங்கட" என்றார். "முதலே எடுத்து வச்சனான். எடுத்துக்கொண்டு போங்கோ. இடம் உங்கட பேரிலதான் இருக்கும்."

திரும்பி வரும்போது காரில் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கார் அன்றைக்குச் சத்தமில்லாமல் ஓடியது. மனிதர் அதற்கும் ஏதோ செய்திருந்தார். என் கணவருக்குப் பசி.

"பிரிச்சு ஒரு துண்டு தாருமன்."

"இது கேக் இல்லை. வீடு" என்றேன்.

"ஓ, வீடோ? அப்ப விலாசத்தைச் சொல்லும் பாப்பம்" என்று சீண்டினார்.

எனக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை. நிமிர்ந்து இருந்துகொண்டு சொன்னேன்.

"சிங்க வாசல். இடப்பக்கம் முதலாவது. மதிலுக்கு உள்ளுக்கு."